டினாவுக்கு ஆடிட்

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். மாதனூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். தையல் விலகினாலும் பசை பிதுங்கினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. தோலில் விழுந்த கீறலின் மேல் க்ரீம் பூசி மறைத்து அனுப்புகிறவர்களை நான் விட்டுவைத்ததே இல்லை. "பிரிசில்லா டேபிளா? போச்சு" என்று லைனில் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்பேர்ப்பட்ட எனக்கு என் மகள் விஷயத்தில் இரண்டு வருடம் கண் தெரியவில்லை. தெரியவில்லை என்பது பொய். பார்க்க மாட்டேன் என்று இருந்தேன்.

டினாவுக்கு நாலு வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பக்கத்து வீட்டில் பிஸ்கட் கவர் பிரிக்கிற சத்தத்துக்கு ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து அடுக்கிவைப்பாள். யாராவது ஒன்றைக் கலைத்துவிட்டால் அன்றைக்கு ஆராதனை எங்களுக்கு அதோடு சரி. மிக்சி ஓடினாலோ நாற்காலி இழுபட்டாலோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கிடைத்த இடத்தில் தலையை மோதுவாள். என் வீட்டுக்காரர் டேனியல், "எங்க குடும்பத்துல எல்லாரும் லேட்டாதான் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு லோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அங்கன்வாடி டீச்சர் மட்டும், "ஜூன்ல ஸ்கூல்ல சேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ டாக்டர்கிட்ட காமிச்சிடும்மா" என்றார். அதற்காக நான் அவரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு மஹ்பூபிதான் என் வாயை அடைத்தாள்.

"எங்க அக்கா பையனும் இப்டித்தான் இருந்தான், பிரிசி. பாகாயம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போய் காமிச்சாங்க. இப்ப ஸ்கூலுக்குப் போறான். நீ இன்னாத்துக்கு பயப்படற?"

"பயம்லாம் இல்ல."

"அப்ப டோக்கன் போடு."

போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக்குக் கிடைத்தது.

இங்கேதான் நான் ஒரு வேலையைச் செய்தேன். வெளிநாட்டிலிருந்து கம்பெனியைச் சோதித்துப் பார்க்க, ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் எங்கள் கம்பெனியில் பத்து நாளைக்கு முன்பே தயார் செய்வார்கள். யார் என்ன கேட்டால் என்ன பதில் என்று சூப்பர்வைசர் ஒப்பிக்கவைப்பார். அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் மாஸ்க், எல்லாருக்கும் கையுறை. ஆடிட்டர் சிரித்துக்கொண்டே போவார், நாங்களும் மூச்சு விடுவோம். ஒன்பது வருடம் அதைப் பார்த்தவள், பெற்ற பிள்ளைக்கும் அதையே செய்தேன். டாக்டர் வாயிலிருந்து 'நல்லாத்தான் இருக்கா' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும், ஜூனில் ஸ்கூலில் சேர்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

தினமும் சாயங்காலம், கையில் பிஸ்கட் துண்டு. "உன் பேரு இன்னா?" டினா. "இது இன்னா கலரு?" செவப்பு. "இது இன்னா?" நாய். "ஆன்ட்டிக்கு?" டாட்டா. மூன்று வாரத்தில் நாலையும் வரிசையாகச் சொன்னாள். நான் சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

சனிக்கிழமை காலையில் புது கவுன் போட்டு, நெற்றியில் முந்தாநாள் மோதிக் கன்னிப்போன இடத்தில் பவுடரைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பூசினேன். டேனியல் பார்த்துவிட்டு, எங்களோடு வரச் செருப்பை மாட்டினார்.

டாக்டர் பேர் எழிலரசி. என் வயதுதான் இருக்கும். கோட்டு இல்லை, மேசை மேல் பொம்மைகள். டினாவின் உயரத்துக்குக் குனிந்து, "உன் பேரு என்னம்மா?" என்றார்.

"டினா."

நான் டேனியலை ஒரு பார்வை பார்த்தேன்.

"யார்கூட வந்த?"

"செவப்பு."

"பஸ்ல வந்தியா?"

"நாய்." பிறகு யாரும் கேட்காமலே, "டாட்டா" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினாள். பிஸ்கட்டுக்கு. அவளுடைய வேலை முடிந்துவிட்டது.

டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வீட்ல எப்டி இருப்பா? சத்தம் கேட்டா? அடம் ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். சமத்து."

நான் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து அறையில் யாரோ இரும்பு நாற்காலியைத் தரையோடு இழுத்தார்கள். டினா காதைப் பொத்தினாள். அவள் தலை மேசையை நோக்கிப் போனது. நெற்றி மேசையில் படுவதற்குள் நடுவில் என் கை இருந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை என் உள்ளங்கையில் மோதினாள். நான்காவதில் அடங்கி, அப்படியே என் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் டினாவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கை எத்தன நாளா இப்டிப் போகுது?"

நான் மற்றக் கையால் டினாவின் முடியை ஒதுக்கிவிட்டேன்.

"சொல்லிடு பிரிசி," என்றார் டேனியல்.

"ஒண்ணர வருசமா," என்றேன். பிறகு முந்தானையால் டினாவின் நெற்றியைத் துடைத்தேன். பவுடருக்கு அடியிலிருந்து கன்னிப்போன இடம் வெளியே வந்தது. "பேரு, கலரு எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது மேடம். மூணு வாரமா. அவளுக்கு அர்த்தம் தெரியாது."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு புதுத் தாளை எடுத்தார்.

"சரி, இப்ப நெஜமா இருக்கறத சொல்லுங்க. எல்லாத்தையும்."

சொன்னேன். எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் துணி உறுத்தும், எத்தனை மணிக்குத் தூக்கம் கலையும், செருப்பு ஜோடி, பிஸ்கட் கவர் எல்லாம் சொன்னேன். ஒன்பது வருடச் செக்கிங் கண்; இரண்டு வருடமாக ஒன்று விடாமல் பார்த்துவைத்திருந்தது. டாக்டர் எழுத எழுத இரண்டு பக்கம் நிறைந்தது.

கடைசியில் பேனாவை மூடினார். "ஆட்டிசம் மாதிரிதான் தெரியுதும்மா. இன்னும் ரெண்டு தடவ பாத்துட்டு உறுதியா சொல்றேன். ஆனா பயிற்சிய அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம். இன்னிக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லாம போயிருந்தா எனக்கும் சரியாப் புரிஞ்சிருக்காது."

அந்தப் பேரை நான் போனில் எத்தனையோ தடவை தேடிப் படித்திருக்கிறேன். ஆனாலும் ஒருத்தர் வாயால் கேட்டபோது தாங்கவில்லை. மேசை விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன்.

நெற்றிக்கு அடியில் ஏதோ மெத்தென்று நுழைந்தது. கண்ணைத் திறந்தேன். டினா என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் ஓடும் ஃபேன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கை என் நெற்றிக்கும் மேசைக்கும் நடுவில் இருந்தது.

"இதுவும் நீங்க சொல்லிக்குடுத்ததா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல மேடம்," என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார்.