எடுத்துக் கொடுக்காத வசனம்

ராணி வேஷம் கைவிட்டுப் போனதைக்கூட ராணியம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த வேஷத்தைக் கட்டப்போகிறவளுக்குப் பக்கத் திரையின் மறைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றதுதான் வயிற்றெரிச்சல். அதுவும் யாருக்கு? சொந்த ஓரகத்திக்கு. நேற்று வந்த சின்னவளுக்கு, கொழுந்தன் பெண்டாட்டிக்கு.

அது மாமனார் வைத்துவிட்டுப் போன வழக்கம். நகரத்திலேயே பெரிய நாடகக் குழு என்று இன்றைக்குப் பெயர். சொந்த அரங்கம், மாடியில் தையல் அறை, பின்கட்டில் தச்சுப் பட்டறை எல்லாம் உண்டு. ஆனால் மாமனார் ஆரம்பித்தபோது இருந்தது ஒரு பழைய கிடங்கும் இரவல் நாற்காலிகளும்தான். குழுவைத் தூக்கி நிறுத்தியது ராணி நாடகம். சில வருஷங்களுக்கு ஒருமுறை புது ஆட்களைப் போட்டு அதைத் திரும்ப மேடையேற்றுவார்கள். ராணி மாறினால், பழைய ராணிதான் புது ராணிக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். “எங்க தடுக்கும்னு விழுந்து எழுந்தவளுக்குத்தானே தெரியும்” என்பாராம் அந்த மனிதர். நல்ல யோசனைதான். விழுந்தவளுக்கு வயிறு என்று ஒன்று இருக்குமே, அது எரியுமே என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

விஷயத்தை அவளிடம் சொன்னது அவள் கணவர். அவர்தான் குழுவின் இயக்குநர். மேடையில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மேய்க்கிறவர், வீட்டில் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ராணிக்கு முப்பது வயசுதானே. நீயும் மண்டி போட்டு எழுந்திரிக்க எவ்வளவு கஷ்டப்படறே.”

“கஷ்டமா இருக்குன்னு நான் சொன்னேனா?”

“நான் பார்க்கறேனே.”

“எல்லாத்தையும் பாருங்க. என்னை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கணும்னு மட்டும் தோணாது.”

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவளை ராணியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது குழுதான். வாசல் காவல்காரர் முதல் விளக்குக்காரர் வரை அப்படித்தான். வீட்டுக்காரருக்கே அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோயிருக்கும். அப்படி இருந்தவள் ஒருநாள் தையல் அறைப் பக்கம் போனபோது, “ராணியம்மாவுக்கு இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிக்கணும்” என்று தையல்காரர் சொன்னது காதில் விழுந்தது. என்ன என்று எட்டிப் பார்த்தாள். அவர் சின்னவள் போட்டிருந்த ராணி உடையின் இடுப்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். சில்லறை கொடுக்கக்கூடத் தடுமாறுவாள். அவள்தான் இப்போது ஒத்திகையில் பக்கம் பக்கமாக வசனத்தைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். இடைவேளையில் ராணியம்மாவுக்கு முதுகுக்கு வைத்துக்கொள்ளத் தலையணை கொண்டு வந்து கொடுத்தாள். வாய்க்கு வாய் அக்கா. கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்து தொலைத்திருந்தால் நிம்மதியாக வெறுக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

அவளுக்குச் சரியாக வராதது கடைசிக் காட்சி ஒன்றுதான். ராஜா இறந்துவிட்டார். பிள்ளை இல்லாத ராணி, தன் சக்களத்தி பெற்ற மகனுக்குத் தன் கையாலேயே முடிசூட்ட வேண்டும். கிரீடத்தைத் தூக்கி, “வாழ்க, மகனே. இது உனக்காகத்தான் காத்திருந்தது” என்று சொல்ல வேண்டும். ராணியம்மா அந்த இடத்தில் மூச்சு விடாமல் வசனத்தைக் கொட்டி, கண்ணீரையும் சேர்த்துக் கொட்டுவாள். கைத்தட்டல் கூரையைப் பிய்க்கும். சின்னவள் அழுதால் அது அழுகையாகவே இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வரும்போது ராணியம்மாவுக்கு நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும்.

முதல் காட்சியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. ராணியம்மா சின்ன விளக்கு வெளிச்சத்தில், மடியில் நாடகப் பிரதியும் வசனத்தின் மேல் விரலுமாக உட்கார்ந்திருந்தாள். சின்னவள் ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. கைத்தட்டல் ஏறிக்கொண்டே போனது. அந்தக் கைத்தட்டல் எல்லாம் தன் வீட்டுப் பாத்திரங்கள், யாரோ கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று இவளுக்குத் தோன்றியது.

கடைசிக் காட்சி வந்தது. இளவரசன் மண்டியிட்டான். சின்னவள் கிரீடத்தைத் தூக்கினாள். வாய் திறந்தது, வசனம் வரவில்லை.

மறந்துவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அதே வெளிச்சத்தில் அதே கிரீடத்தோடு இத்தனை வருஷம் நின்றவளுக்குத் தெரியும். சின்னவளின் கண்கள் மெல்லப் பக்கத் திரைக்குத் திரும்பின. ‘வாழ்க’ என்ற ஒரு சொல் போதும். அது ராணியம்மாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

நிற்கட்டும், என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் நின்று அவமானப்படட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

உதட்டை இறுக மூடிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தாள். சின்னவளும் பார்த்தாள். அரங்கத்தில் இருமல்கூட இல்லை. இளவரசன் பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தான். அப்போது சின்னவளின் முகம் மாறியது. தாடை இறுகியது, உதடு கோடாக மெலிந்தது, கண்களில் ஈரமே இல்லை. கிரீடத்தை அவன் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். வைப்பாளா, அவன் மண்டையில் போடுவாளா என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பினாள். “வாழ்க, மகனே. இது உனக்காகத்தான் காத்திருந்தது.”

உடனே யாரும் தட்டவில்லை. பிறகு மொத்த அரங்கமும் எழுந்து நின்று தட்டியது. ராணியம்மாவுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

மறுநாள் பத்திரிகை அந்த மௌனத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கணவருக்குத் தரையில் கால் பாவவில்லை. “இத்தனை வருஷமா அந்த இடத்துல அழுதே கெடுத்திருக்கோம். வயிறெரியறவ கிரீடத்தை அவ்வளவு சுலபமா குடுத்துடுவாளா? நமக்குத் தோணவே இல்லையே” என்றார். நமக்கு என்றது மரியாதைக்கு. அவர் யாரைச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாதா? போகிற போக்கில் இதையும் சொன்னார்: “இனிமே தினமும் அந்த மௌனம் உண்டு. நீ பாட்டுக்கு வசனத்தை எடுத்துக் குடுத்துடாதே.”

மாலையில் ஒப்பனை அறைக்குப் போனாள். சின்னவள் தனியாக, கண்ணாடி முன்னால் புருவம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“நேத்து நல்லா பண்ணினே” என்றாள் ராணியம்மா. சொல்வதற்குள் வாய் கசந்தது.

“எனக்கு வசனம் மறந்துபோச்சுக்கா.”

“அப்படியா? எனக்குத் தெரியலையே.”

“தெரியும். விரல் அந்த வரி மேலதான் இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு என்னையே பார்த்தீங்க.”

வீட்டில் சொல்லிவிடுவாள், குழுவுக்கே சொல்லிவிடுவாள் என்று ராணியம்மாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

“முதல்ல அழுகைதான் வந்துச்சு” என்றாள் சின்னவள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்புறம்தான் புரிஞ்சுது. ராணிக்கு நான் தேடிக்கிட்டிருந்த முகம் அதுதான். ஒத்திகை முழுக்கத் தேடியும் கிடைக்கலை. உங்க முகத்தைப் பார்த்து அப்படியே போட்டுக்கிட்டேன்.”

அவள் குத்திக்காட்டவில்லை. தலையணை கொண்டு வந்து கொடுத்த அதே குரலில்தான் சொன்னாள்.

“இன்னிக்கும் அப்படியே பாருங்கக்கா. நீங்க பார்க்காட்டி எனக்கு அது வராது.”

மணி அடித்தது. ராணியம்மா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கு இவளைப் பார்த்துச் சிரிக்கப்போகிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டாள். பெற்ற தாய் மாதிரி, வாய் நிறையச் சிரிப்பேன். அப்போது எந்த முகத்தைப் போட்டுக்கொள்வாள், பார்க்கலாம்.

கடைசிக் காட்சியில் சின்னவள் கிரீடத்தைத் தூக்கி, பக்கத் திரைக்குத் திரும்பினாள். ராணியம்மா சிரிக்கப் பார்த்தாள். உதடு அசையவில்லை. தன் ஒளி, தன் கிரீடம், தனக்காக எழுந்து நின்றிருக்க வேண்டிய ஜனம், எல்லாவற்றுக்கும் நடுவில் சின்னவள் நின்றாள். எவ்வளவு முயன்றும் இவள் முகம் இளகவில்லை. தாடை தானாக இறுகியது.

சின்னவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு சபைக்குத் திரும்பினாள்.