நாற்பத்தொரு கார் மனு

குடவாசல் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முகம்மது யூசுப்புக்குக் கார் ஓட்டத் தெரியாது. கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போனாலே நாச்சியார்கோவில் வருவதற்குள் தலைசுற்றி, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் பிரான்சில் இருபத்துநாலு மணி நேரம் விடாமல் ஓட்டுகிற கார்ப் பந்தயத்தைப் பற்றிக் கேட்டால், எந்த வருடம் எந்தக் கார், கதவில் என்ன நம்பர், எந்த வளைவில் டயர் வெடித்தது என்பதுவரை சொல்லுவார்.

சிங்கப்பூரில் இருந்த அவருடைய மைத்துனர் மூஸா, கப்பலில் அனுப்பும் சாமான்களோடு அந்தப் பந்தயக் கார்களின் சின்ன மாதிரிகளையும் அனுப்புவார். உலோகத்தில் வார்த்து, வர்ணம் அடித்து, நம்பர்கூட எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். 1972இல் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அப்படி நாற்பத்தொன்று நின்றன.

"எங்க மாமா வூட்டுச் சீர் டம்ளரை வைக்க இடமில்லை. ஃபெராரிக்கு மட்டும் மூணு தட்டு" என்பார் மனைவி ஷம்சாத். சொல்லிக்கொண்டே தூசி தட்டியும் வைப்பார்.

நில உச்சவரம்புக்காக யார் பேரில் எவ்வளவு நிலம், யார் எதை மறைத்திருக்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரணை நடந்த காலம் அது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் செல்லதுரை சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலைப் பார்த்தார். கொல்லைப்பக்கம் போய் வைக்கோல்போரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்க நிறுத்தியிருக்கீங்க பாய்?"

"எதை சார்?"

"காரையெல்லாம்தான்."

யூசுப்பின் முகம் மலர்ந்துவிட்டது. பத்து வருடத்தில் அவருடைய கார்களைப் பார்க்க வேண்டும் என்று தானாக வந்து கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"உள்ள வாங்க சார். செருப்போட வந்தாலும் பரவாயில்லை, வாங்க."

அலமாரிக்கு முன்னால் நின்ற செல்லதுரை ஒவ்வொரு தட்டாகக் குனிந்து எண்ணினார். பிறகு பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து வாசித்தார். 'மேற்படியார் தமது இல்லத்தில் நாற்பத்தொரு வெளிநாட்டுக் கார்கள் வைத்திருக்கிறார். ஃபெராரி பதினொன்று, போர்ஷே ஒன்பது, ஃபோர்டு மூன்று, மீதி பெயர் வாயில் நுழையாதவை. நேரில் வந்து பார்வையிடக் கோருகிறேன்.' கீழே கையெழுத்து: சாமிதுரை, விவசாயத் தொழிலாளர் சங்கம்.

சாமிதுரை, யூசுப்பின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைப் பன்னிரண்டு வருடமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். கூப்பிட ஆள் அனுப்பத் தேவையே இருக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"ஏன்யா, பொம்மைக் காருக்கு மனு எழுதி என்னைப் பதினாறு மைல் மிதிக்க வச்சிருக்கியே" என்றார் செல்லதுரை.

"பொய் எழுதலைங்க. காரு இருக்கு, எண்ணிக்கையும் சரியா இருக்கு. பெரிய காருன்னு நான் எங்கயும் சொல்லலைங்களே."

"எதுக்கு இது?"

"நிலத்தைவிட்டு எழுப்பிடாம இருக்க, குத்தகைப் பதிவேட்டுல என் பேரை ஏத்தச் சொல்லி நாலு மனு போட்டேன். ஒருத்தரும் வரலை. காருன்னு எழுதினேன், எட்டாம் நாள் வந்துட்டீங்க. அந்த ஃபாரமும் உங்க பையில இருக்கும்ல சார்?"

இருந்தது. செல்லதுரை அதை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு யூசுப்பைப் பார்த்தார்.

யூசுப் கெட்டவர் இல்லை. சாமிதுரை கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார், அவ்வளவுதான். பேர் ஏறினால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று கடைத்தெருவில் நாலு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். அப்படி மூன்று வருடம் ஓடியிருந்தது. இப்போது அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்டது வேறு.

"போர்ஷே ஒன்பதுன்னு சரியா எழுதியிருக்கியே. பார்க்க எல்லாம் ஒண்ணுபோல இருக்கும். உனக்கு எப்படித் தெரியும்?"

சாமிதுரை கூரையைப் பார்த்தார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நான்தான் சொன்னேன்" என்று ஷம்சாத் வெளியே வந்தார். "நீங்க கடைக்குப் போனப்புறம் அலமாரியைத் திறந்து எண்ணிச் சொன்னேன். ஏன் மச்சான், அந்தக் காரையெல்லாம் ஓட்டினது யாருன்னு கேட்டா வரிசையாச் சொல்றீங்க. கம்பெனி முதலாளி பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

"ஃபோர்டு காருக்கு முதலாளி ஃபோர்டுதானே, காரு பேர்லயே இருக்கே" என்றார் யூசுப்.

"காரு முதலாளி பேர்லயே இருந்தாலும் பந்தயக் கணக்குல ஓட்டினவன் பேரையும் எழுதி வச்சிருக்காங்கல்ல. நம்ம வயல்ல ஏர் ஓட்டுறவரும் அதைத்தானே கேக்குறாரு. நிலம் நம்ம பேர்லதான் இருக்கப்போவுது."

செல்லதுரை ஃபாரத்தை யூசுப் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் யூசுப் கையெழுத்துப் போட்டார். சாமிதுரையும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பி, "அந்த நீலக் காரு எது பாய்?" என்று கேட்டார். யூசுப் பதில் சொல்லவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார் மனுவுக்கும் ஒரு பதில் எழுத வேண்டுமே. செல்லதுரை எழுதியதை உரக்க வாசித்தார்: "மேற்படி வாகனங்கள் விளையாட்டுப் பொம்மைகள். ஓடும் தகுதி அற்றவை."

"பொம்மைன்னு போடாதீங்க சார்" என்றார் யூசுப். "நாப்பத்துமூணுல ஒரு பங்கு அளவு. மாதிரி வடிவம்னு போடுங்க. ஓடும் தகுதி இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க, தள்ளிப் பார்த்தீங்களா?"

செல்லதுரை ஒரு காரை எடுத்து மேஜைமேல் வைத்துத் தள்ளிப் பார்த்தார். மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அது நேராகப் போனது. அவர் அந்த வரியை அடித்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்துத் தள்ளினார். ஷம்சாத் கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போயிருந்தது.

ஒரு மாதம் கழித்து சாமிதுரை பேர் பதிவேட்டில் ஏறியது. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று சாயந்திரமே யூசுப் ஷம்சாத்தோடு பேச்சை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டுக்குக்கூட ஜாடைதான். ஷம்சாத் இரண்டு நாள் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "அறுபத்தொம்பதுல அந்த நீல ஃபோர்டுதானே ஜெயிச்சது? ரெண்டாவது வண்டி ஒரு நாலஞ்சு மைல் பின்னாடி வந்திருக்கும், இல்லையா?" என்றார்.

யூசுப் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கவளம் சாப்பிட்டார்.

"மைலா?" என்றார் தாங்க முடியாமல். "நாள் முழுக்க ஓடி நூத்துச் சொச்சம் மீட்டர்ல ஜெயிச்சான். ரெண்டாவது வந்தது போர்ஷே. கடைசி ஒரு மணி நேரமா அவன் முந்துறான், இவன் முந்துறான். இரு, எடுத்துட்டு வந்து காட்டுறேன்" என்று எச்சில் கையோடு எழுந்தார்.