நாலடிக் குழி

குருசைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன கிறிஸ்ரி ஒழுங்கை திரும்பும் முடக்கில் நின்றுவிட்டான். பின்னால் சவப்பெட்டி நின்றது. பெட்டிக்குப் பின்னால் பாதி நாரந்தனை ஊர் நின்றது. டெலிபோன் வயர் உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்து கிடந்தது. குருசு அதைவிட உயரம்.

“சரிச்சுப் பிடியும் தம்பி, ஒரு செக்கன்தானே,” என்றார் கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் மரியநாயகம். அவருடைய சட்டைப்பையில் ஆறு பக்க இரங்கலுரை இருந்தது. ‘தொலைத்தொடர்பின் தூண் சாய்ந்தது’ என்று தலைப்பு.

உண்மையில் சாய்ந்த தூண், அந்த டெலிபோன் கம்பம், எதிரிலேயே நின்றது. மூன்று வருடத்துக்கு முன் அதற்குக் குழி கிண்டியவர்தான் இப்போது பெட்டிக்குள் இருக்கும் பஸ்ரியாம்பிள்ளை. ஒன்றரை அடியில் கல் வந்தது. “நாலடி வேணும். உளியால கொத்தோணும், பொழுதுபடும்,” என்றார். தலைவரோ பத்து மணிக்குத் திறப்புவிழா வைத்திருந்தார். கம்பத்தைக் கல்லுக்கு மேலேயே நிறுத்தி, அடியில் சீமெந்து பூசி, மாலை போட்டு, றிபன் வெட்டினார்கள். கேக்கும் இருந்தது. முதல் மாரிக்கே கம்பம் சரிந்தது. “குழி கிண்டினவன்ர பிழை,” என்றார் தலைவர். அதற்குப் பிறகு பஸ்ரியாம்பிள்ளையை ஒரு குழிக்கும் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

மகள் அன்ரனிட்டா முன்னுக்கு வந்தாள்.

“சரிக்காதையும் கிறிஸ்ரி. நில்லும்.”

“பிள்ளை, சுவாமியார் கோயில்ல பாத்துக்கொண்டு நிக்கிறார்,” என்றார் தலைவர்.

“நிக்கட்டும் அண்ணை. அண்டைக்கும் நீங்கள்தான் அவசரப்பட்டனீங்கள். அப்பா அண்டைக்கும் அவசரப்படேல்லை, இண்டைக்கும் இல்லை.”

கூட்டத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்.

வீட்டுக்குப் போய், அப்பா வயர் உயர்த்துகிற, நுனி இரண்டாய்ப் பிரிந்த கவர்த்தடியை எடுத்து வந்தாள். வயரைக் கவரில் ஏந்தி உயர்த்திப் பிடித்தாள். குருசு நிமிர்ந்தே போனது. பெட்டி போனது. சனம் போனது. தலைவர் மட்டும் குனிந்து போனார். குனியத் தேவையிருக்கவில்லை.

சவக்காலையில் ஆறு பக்கமும் வாசிக்கப்பட்டன. ‘தூண்’ பதினொரு தரம் வந்தது. குழி ஒருதரமும் வரவில்லை.

திரும்பி வந்தவர்கள் கை கால் கழுவ முன்பே முடக்கில் ணங் ணங்கென்று சத்தம் கேட்டது. அதே வெள்ளைச் சேலையோடு அன்ரனிட்டா அப்பா குழி கிண்டுகிற இரும்பு அலவாங்கால் கம்பத்தடிச் சீமெந்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை இது, செத்தவீட்டு நாளில? நான் டெலிபோன் கந்தோருக்கு அறிவிக்கிறன்,” என்று தலைவர் ஓடிவந்தார்.

“அறிவியுங்கோ. எத்தினை அடியெண்டும் சொல்லோணுமெல்லே.”

சீமெந்து பெயர்ந்தது. மண்ணைக் கையால் வாரி எறிந்தாள். கம்பத்தின் அடி வெள்ளைக் கல்லின் மேல் குந்தியிருந்தது. பக்கத்தில் அலவாங்கை நிமிர்த்தி, கல்லில் ஊன்றினாள்.

ஆழம் பார்க்க அடிக்கொன்றாக அப்பா அதில் அரத்தால் வெட்டு வைத்திருந்தார். நாலு வெட்டு. சனம் கிட்ட வந்து பார்த்தது. கீழ் வெட்டு ஒன்றுதான் குழிக்குள் மறைந்திருந்தது. மற்ற மூன்றும் வெயிலில் மினுங்கின.