தாழிக்குள் தனிம அட்டவணை

காலையில் அறுத்த திராட்சை டிரெய்லரிலேயே கிடந்தது. மணி ஒன்று. பலகை இடுக்கில் சாறு சொட்டியது. குளவிகள் வந்துவிட்டன. மாலைக்குள் மது ஊறும் தாழியில் சேராவிட்டால் வெயிலில் கெட்டுவிடும்.

கல்மேட்டுத் திராட்சை. என் மனைவி ஏலிசோ நட்ட கொடிகள். முதல் முழு அறுவடை. அவள் இறந்து பதினான்கு மாதம்.

"ஆத்தங்கரைப் பழத்தோட சேத்துக் கொட்டிருவோம்," என்றார் மாமனார் ஜும்பேர். "பெரிய தாழில இடம் இருக்கு."

ஆற்றங்கரை களிமண். அங்கே விளையும் பழத்தின் மது கனமானது; ஒரு கோப்பை குடித்தவன் பக்கத்தில் இருப்பவனைக் கட்டிப்பிடிப்பான். கல்மேட்டில் வேர் தண்ணீருக்கு அலையும். பழம் சிறிது, தோல் தடிப்பு. அதன் மது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தனித் தாழியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பாள் ஏலிசோ. கலந்துவிட்டால் இனி தெரியப்போவதில்லை.

ஒரு தாழி காலியாக இருந்தது. மூன்று வருடமாகக் கழுவாதது. வாய் குறுகல். வீட்டில் அதில் நுழையக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"நான் இறங்குறேன் மாமா."

"பாடுவியா?"

தாழி ஆளுயரத்துக்கு மேல், கழுத்துவரை தரையில் புதைந்திருக்கும். உள்ளே காற்று கெட்டிருந்தால் ஆள் மயங்கிவிடுவான். அதனால் இறங்கியவன் பாடிக்கொண்டே தேய்க்க வேண்டும். பாட்டு நின்றால் கயிற்றை இழுத்துவிடுவார்கள். நான் பதினான்கு மாதமாகப் பாடவில்லை.

"ஒண்ணு ரெண்டு எண்ணினாப் போதாதா?"

"இதென்ன சந்தையா? பாடு. இல்லன்னா கலந்துருவோம்."

மைத்துனன் பெசிக்கி என் இடுப்பில் கயிறு கட்டினான். "எனக்கும் இப்படி ஒரு இடுப்பு இருந்துச்சு மச்சான். மூணாங்கிளாஸ்ல."

மெழுகுவத்தியை இறக்கிப் பார்த்தோம். அணையவில்லை. ஏணி வைத்து இறங்கினேன். மரப்பட்டைக் கற்றையால் தேய்த்தேன்.

"சத்தத்தையே காணோம்!" என்றார் மாமனார்.

ஒரு பாட்டும் வரவில்லை. கல்லூரியில் மனப்பாடம் செய்ததுதான் வந்தது.

"ஹைட்ரஜன்... ஹீலியம்... லித்தியம்..."

தாழி அதைப் பத்து மடங்காக்கித் திருப்பித் தந்தது. பேராயர் பூசை வைப்பது போல இருந்தது.

"என்னடா பாட்டு இது?"

"கெமிஸ்ட்ரிப்பா," என்றான் பெசிக்கி.

"என்ன எழவோ. லித்தியத்துல மேல ஏத்தணும்டா! செவிடனா நீ?"

ஜும்பேர் கோயிலில் அடிக்குரல் பாடுகிறவர். ஒற்றைக் குரல் தடுமாறினால் அவருக்குப் பொறுக்காது. தாழியோரம் குப்புறப் படுத்து "ஓ..." என்று பிடித்தார். இங்கே பாட்டு என்றால் மூன்று குரல்; பெசிக்கி நடுக்குரலை எடுத்துக்கொண்டான். மாமியார் லமாரா மாவுக் கையோடு ஓடிவந்தார்.

"யாருக்குடா கல்யாணம்?"

"பெரிலியத்துக்கு," என்றான் பெசிக்கி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பாட்டு நின்றதும் கயிறு இழுபட்டது. ஏணியில் முட்டி இடித்து, தோள்வரை வெளியே வந்தேன். லமாரா என் கன்னத்தில் அறைந்தார்.

"மூச்சு இருக்கா?"

"சிரிக்கிறான்ம்மா."

இன்னொரு அறை விழுந்தது. "சிரிக்கிறவன் சொல்லிட்டுச் சிரிக்கக் கூடாதா?"

"பாதித் தாழி அழுக்காக் கிடக்கு," என்றார் ஜும்பேர். "எறங்கு. போரான்ல விட்டோம்."

சோடியம் வருவதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். மதுக்குடத்தோடு வந்தார்கள். இங்கே கோப்பை எடுத்தால் எதையாவது வாழ்த்தித்தான் குடிக்க வேண்டும். மக்னீசியத்தை வாழ்த்தினார்கள். அலுமினியத்தின் பிள்ளை குட்டிகளை வாழ்த்தினார்கள். இரும்புக்கு எல்லோரும் எழுந்து நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் உள்ளே தேய்த்து, கழுவி, வாளி வாளியாக மேலே அனுப்பினேன். தொண்டை கட்டிவிட்டது.

கடைசி வாளித் தண்ணீரை வீட்டுக்காரர் குடித்துப் பார்ப்பது வழக்கம். ஜும்பேர் மொண்டு குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"தண்ணி," என்றார்.

அதற்கு மேல் சுத்தத்துக்குச் சான்று கிடையாது. ஆனால் அவர் நகரவில்லை. டிரெய்லரைப் பார்த்தார். பெரிய தாழியைப் பார்த்தார்.

"நல்லா இல்லன்னா பூரா நீதான் குடிக்கணும்."

"குடிக்கிறேன் மாமா."

"பொய் சொல்லாத. ஒரு கோப்பைல விழுந்துருவ." கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். "பெசிக்கி, மிதிதொட்டிய இந்தத் தாழிப் பக்கம் தள்ளு."

கூடை கூடையாகத் தொட்டியில் கொட்டினோம். லமாரா பாவாடையைச் செருகிக்கொண்டு முதலில் ஏறினார். நான் ஏறினேன். பழம் கணுக்காலுக்கு மேல் வந்தது, சூடாக இருந்தது. கறுத்த சாறு மதகு வழியாகத் தாழிக்குள் விழத் தொடங்கியது.