லோஷினி வீட்டு மொழி

பெக்கான் நானாஸ் பொது மண்டபத்துல எங்களுக்குக் குடும்பப் பணியாளர் பயிற்சி. சின்னப் பிள்ளைங்க பேசப் பழகுறதுக்கு வீடு வீடாப் போய் பெத்தவங்களுக்கு ஒத்தாசை பண்ணணும். மீனாள் டீச்சர் ஜொகூர் பாருவிலிருந்து வந்து சொல்லிக் கொடுத்தாங்க. "பிள்ளையக் கேள்வி கேட்டுக் குடையாதீங்க. அது எதைப் பார்க்குதோ அதைப் பத்திப் பேசுங்க. பேசிட்டு வாய மூடிக் காத்திருங்க. எல்லாம் வீட்டு மொழியில." நானும் நல்லாத் தலைய ஆட்டினேன். வாய மூடுறதுதான் உனக்கு வராதேன்னு பக்கத்துல இருந்த புஷ்பவள்ளி கிண்டல் பண்ணினா. அவளுக்கு மட்டும் வருமாக்கும்!

எனக்குக் கிடைச்ச முதல் வீடு பிரவீனாவோடது. சிங்கப்பூர்ல ஃபேக்டரி வேலை. விடியுமுன்ன மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டுவா, திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். புருஷன் லாரி ஓட்டுறார். மக லோஷினிக்கு ரெண்டரை வயசு. பகல் முழுக்கப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாச்சிக் துக்கினாதான் பார்த்துக்கிறாங்க.

ஞாயித்துக்கிழமை போனேன். கதவத் திறந்ததும் பிரவீனா கேட்டா, "அக்கா, என் பிள்ள ஊமையா? அம்மான்னுகூட கூப்பிட மாட்டேங்குறா. ஏதோ உளறுவா, அவ்வளவுதான்."

உள்ள போய் பிள்ளை முன்னால குந்தினேன். லோஷினி கையில செருப்பு. "அட, செருப்பு! சிவப்புச் செருப்பு!"ன்னு சொல்லிட்டு வாய மூடினேன். காத்திருந்தேன். பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு முதுகக் காட்டிக்கிட்டுப் போயிடுச்சி. ராங்கிக்காரி!

அந்த நேரம் பார்த்து மாச்சிக் ஒரு தட்டு பீசாங் கோரேங், அதான் வாழைப்பழ பஜ்ஜி, எடுத்துக்கிட்டு உள்ள வந்தாங்க. லோஷினி ஓடிப்போய் அவங்க காலக் கட்டிக்கிட்டா. அப்புறம் பேசினா பாருங்க, மூச்சு விடாம! மாச்சிக்கும் சளைக்காம பதில் சொன்னாங்க. எனக்கு மலாய் தண்ணி பட்ட பாடு. ஆனா இதுல ஒண்ணும் புரியல, தலையே சுத்துச்சி.

"என்ன மொழி மாச்சிக் இது?"ன்னு மலாய்ல கேட்டேன்.

"ஜாவாதான். எங்க வீட்டுல எல்லாரும் ஜாவாதானே பேசுவோம். இவ வாய மூடவே மாட்டா, என் பூனையக்கூட திட்டுவா"ன்னு பெருமையாச் சொன்னாங்க.

"பிரவீனா, உன் பிள்ள ஊமை இல்லடி!"ன்னு நான் குதிச்சேன். அவ சந்தோஷப்படுவான்னு பார்த்தா, முகம் கறுத்துப் போச்சி.

"அவங்ககிட்ட இவ்வளவு பேசுறாளா? பெத்தவகிட்ட ஒரு வார்த்த இல்லயா? நாளையிலேருந்து அங்க அனுப்பலக்கா. தமிழ் பேசுற ஆளாப் பார்த்துக்கிறேன்."

அலமாக்! வீட்டு மொழின்னாங்களே டீச்சர், இந்தப் பிள்ளைக்கு வீடு எதுன்னு சொன்னாங்களா? ஆமா அனுப்பாதேன்னு சொல்றதா, நிறுத்தாதேன்னு சொல்றதா? டீச்சருக்குப் போன் போட்டேன், எடுக்கல. கோவம் கோவமா வந்துச்சி. மாச்சிக் தமிழ் புரியாம எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"அவங்கள நிறுத்தினா இருக்கிற பேச்சும் போயிடும் லா!"ன்னு கத்திட்டேன். சரியா தப்பான்னு எனக்கே தெரியல. "அவ பேசுறத நீயும் ரெண்டு வார்த்த பேசிப் பாரேன். தமிழ் எங்க ஓடிப் போயிடப் போவுது?"

தண்ணிக்கு என்ன சொல்றதுன்னு மாச்சிக்கிட்ட கேட்டேன். "பாஞு"ன்னாங்க.

பிரவீனா அரைமனசா ஒரு குவளையில தண்ணி எடுத்துக்கிட்டு பிள்ளை முன்னால குந்தினா. "லோஷி, பாஞு? தண்ணி?"

சொல்லிட்டு வாய மூடிக்கிட்டா. நாங்களும் மூடிக்கிட்டோம்.

பிள்ளை பீசாங் கோரேங் தின்னுறத நிறுத்திட்டு அம்மாவ நிமிர்ந்து பார்த்தா. "எமோ"ன்னா. பார்த்துக்கிட்டே இருந்தா.

"என்னக்கா சொல்றா?" பிரவீனா என் பக்கம் திரும்பினா. நான் மாச்சிக்கப் பார்த்தேன்.

"வேணாமாம்"னு அவங்க மலாய்ல சொல்லிச் சிரிச்சாங்க.

பிரவீனா அப்படியே தரையில உட்கார்ந்து அழுதா. "என்கிட்ட சொல்லிட்டாக்கா. வேணாம்னு என்கிட்டயே சொல்லிட்டா!"