கோயில் வாசலில் மூன்று அறிவிப்புகள்

என் புருஷன் பார்த்தெலெமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் பதினான்கு வருஷமாக எங்கள் சேன் மெதார் ஊர்க் கோயில் வாசலில் நின்று, கடலுக்கு அப்பாலிருந்து எங்களை ஆளும் ராசாவின் அறிவிப்புகளை வாசிப்பவர் அவர்தான். ஊர்ப்படைத் தலைவர் பதவி அப்படி. துப்பாக்கி பிடிக்கத் தெரிய வேண்டும், நாணயமான ஆள் என்று ஊரில் பெயர் இருக்க வேண்டும். எழுத்தைப் பற்றிக் கியூபெக்கில் ராசாவுக்காக நிர்வாகம் பார்க்கும் துரை யாரையும் கேட்பதில்லை.

வாசிக்கத் தெரிந்தவள் நான். சின்ன வயதில் மூன்று குளிர்காலம் கன்னியர் மடத்தில் இருந்து படித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவர் பட்டாணிச் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் காகிதத்தை மூன்று தடவை வாசிப்பேன். மூன்றாவது தடவை முடிவதற்குள் அவருக்கு எல்லாம் மனப்பாடம். மறுநாள் பூசை முடிந்ததும் வாசற்கல்லில் ஏறி, காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு சொல் பிசகாமல் சொல்வார். ஒரு தடவை காகிதம் தலைகீழாக இருந்தது. முன்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து வருவது சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வாசித்தபின் கதவில் ஆணி அடித்து மாட்டுவார். வாசித்தாயிற்று என்று நான் அவர் பெயரில் ஒரு சீட்டு எழுதிக் கியூபெக்குக்கு அனுப்புவேன்.

எங்கள் ஊரில் வாசித்தால்தான் சட்டம். பூசை முடிந்து போகும்போது குதிரையை விரட்டி ஓட்டக் கூடாது என்று ஒரு வருஷம் உத்தரவு போட்டார்கள். பனிப் புயலால் அந்தக் காகிதம் இரண்டு வாரம் தாமதமாக வந்தது. அதற்குள் ஓட்டி மாட்டிக்கொண்ட ஒருவனுக்குப் போட்ட தண்டத்தை, இன்னும் வாசிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நீதிபதியே தள்ளுபடி செய்தார். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சணல் அறிவிப்பு வந்தது ஒரு பிப்ரவரியில். ராசாவின் கப்பல்களுக்குக் கயிறு வேண்டுமாம், அதை எதிரி நாட்டுக்காரனிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதாம். ஆகவே இந்த நாட்டில் சணல் பயிரிடுகிறவர்களுக்கு விதை இலவசம். விளைந்ததைக் கியூபெக்கில் ராசாவின் கிடங்குக்குக் கொண்டுவந்தால் நூறு ராத்தலுக்கு அறுபது லீவ்ர். கோதுமை போட்டு அந்த அளவு பணத்தை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பார்த்தெலெமி முழுதும் சொல்லி முடித்தார். வழக்கமாக அதோடு கல்லைவிட்டு இறங்கிவிடுவார். அன்றைக்கு இறங்கவில்லை. தன் சொந்தப் பேச்சாக ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"ராசா வாங்கிக்கிறேன்னு சொல்றாரு. நான் என் கீழ்வயல் முழுக்கச் சணல்தான் போடப்போறேன்."

கூட்டத்தில் பெரின் நின்றிருந்தாள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரி. முந்தின வருஷம் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து புருஷனைக் கொண்டுபோய்விட்டது. மூன்று பிள்ளைகள், மூத்தது ஞானஸ்நானத்தில் நான் கையேந்திய என் ஞானப்பிள்ளை. அவளுக்குக் கோதுமை விளையக்கூடிய வயல் ஆற்றோரத்தில் ஒன்றே ஒன்று.

"நீங்க போடறீங்கன்னா நானும் போடறேண்ணே," என்றாள்.

அவளுக்குப் பின்னால் பதினேழு குடும்பம் தலையாட்டியது. ராசாவை நம்பி ஆட்டவில்லை. ராசாவை யார் பார்த்தது? என் புருஷனை நம்பித்தான் ஆட்டினார்கள்.

அந்தக் கோடையை நினைத்தால் இன்னும் என் மூக்கில் நாற்றம் வருகிறது. ஆண் செடியை ஆகஸ்டில் பிடுங்க வேண்டும், பெண் செடியை விதை முற்றியபின் பிடுங்க வேண்டும். இரண்டு அறுவடை, இரண்டு மடங்கு முதுகுவலி. பிறகு ஓடையில் கட்டுக்கட்டாக ஊறப்போட்டுக் கல் ஏற்றி வைக்க வேண்டும். தண்ணீர் கறுத்து, விலாங்கு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மாடுகள் அந்தப் பக்கமே போகவில்லை. உலர்த்தி, மரக் கட்டையில் அடித்து, நாரைப் பிரித்து முடித்தபோது பெரினுடைய உள்ளங்கையில் தோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் இருநூறு ராத்தல் சேர்த்துவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து படகு கட்டுகிற ஒருவர் வந்தார். கயிறு திரிக்கச் சணல் வேண்டும், நூறு ராத்தலுக்கு நாற்பது லீவ்ர் தருகிறேன், இருப்பதையெல்லாம் இப்போதே ஏற்றிக்கொள்கிறேன் என்றார். ஊரே அவரைக் கேலி செய்தது. ராசா அறுபது கொடுக்கும்போது உனக்கு நாற்பதுக்கு எவன் கொடுப்பான் என்றார்கள். கேலி செய்ததில் நானும் உண்டு. மனம் மாறினால் அக்டோபர் முடிகிறவரை அடுத்த துறையில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை இரண்டாவது அறிவிப்பு வந்தது. பார்த்தெலெமி ஓடையில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை விடிந்ததும் ஊர்ச் சணல் முழுவதும் கிளம்புவதாக ஏற்பாடு. நான் முத்திரையை உடைத்தேன். இந்த அறுவடையிலிருந்தே விலை இருபத்தைந்து லீவ்ர். அதுவும் கிடங்குக் குமாஸ்தா முதல் தரம் என்று ஒப்புக்கொண்டதற்கு மட்டும். ராசாவின் செலவு எதிர்பார்த்ததைவிட அதிகமாகிவிட்டதாம். எங்கள் செலவைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விதை வாங்கும்போது ஒரு விலை, விளைந்தபின் ஒரு விலை. இதைச் சந்தையில் ஒரு தரகன் செய்தால் அவனைப் பிடித்துக் கட்டி வைப்பார்கள். முத்திரை குத்திச் செய்தால் அதற்குப் பெயர் உத்தரவு.

அப்போதுதான் அந்தக் குதிரைத் தண்டம் நினைவுக்கு வந்தது. வாசித்தால்தானே சட்டம்? ஞாயிற்றுக்கிழமைதான் வாசிப்பது. படகுகள் சனிக்கிழமையே போய்விடும். திங்கட்கிழமை கிடங்கில் நிற்கும்போது எங்கள் ஊரைப் பொறுத்தவரை விலை அறுபதுதான். அவர்கள் விளையாட்டை நானும் விளையாடிப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். பார்த்தெலெமியிடம் சொன்னால் அவர் அந்த நிமிஷமே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவார், அப்படிப்பட்ட மனிதர். நான் காகிதத்தை மடித்து மாவுப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

கிடங்கில் நடந்ததை அவர் வந்து சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். குமாஸ்தா இருபத்தைந்து என்றதும் எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டிருக்கிறார்கள். இவர் எல்லாரையும் அடக்கிவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் கோயிலில் அப்படி ஒன்றும் வாசிக்கவில்லையே என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். குமாஸ்தா பேரேட்டைப் புரட்டி, சேன் மெதார் தலைவர் வீட்டில் வியாழக்கிழமையே கொடுத்தாயிற்று என்று காட்டியிருக்கிறான். பிறகு சொன்னானாம்:

"வாசிக்கிறது நீங்க கீழ்ப்படியறதுக்காகய்யா. ராசா என்ன வெலைக்கு வாங்கணும்னு உங்க கோயில் வாசல்லயா முடிவு பண்ணுவாங்க?"

எங்களுக்குத் தண்டம் போட வாசிக்க வேண்டும். எங்களை ஏமாற்ற வாசிக்க வேண்டியதில்லை. இதை எந்தக் காகிதத்திலும் அவர்கள் எழுதி அனுப்பியதில்லை.

பெரினுடைய சணலில் பாதியைத் தரமில்லை என்று ஒதுக்கித் தள்ளிவிட்டான். மீதிக்கு இருபத்தைந்து லீவ்ர் கொடுத்தான். திருப்பிக் கொண்டுவரலாம் என்றால், கிடங்குக்குள் வந்த சணலை வெளியே எடுக்கக் கூடாது என்றானாம். எல்லாரும் சணல் போட்டதில் கோதுமை விலை வேறு ஏறிக் கிடந்தது. திரும்பி வந்த படகுகளில் என் புருஷனோடு ஒருவரும் பேசவில்லை. வியாழக்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இதுதான் ஊரின் தீர்ப்பு.

நான் மாவுப் பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்து, செய்ததைச் சொன்னேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன புரியும்.

"யார்கிட்டயும் சொல்லாத. என் பேருக்கு வந்த காயிதம், என் வீட்ல இருந்துச்சு. நான் மறைச்ச மாதிரிதான்," என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். கோயிலில் அவர் நீட்டிய மூக்குப்பொடிக் குப்பியை ஒருவரும் தொடவில்லை. அவர் அதை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜனவரியில் பனிவண்டியில் மூன்றாவது அறிவிப்பு வந்தது. நான் வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் ஒரு தடவை நிறுத்திவிட்டுத்தான் முடித்தேன். சேன் மெதார் ஊர்ப்படைத் தலைவர், தம் மக்களைச் சணல் பயிரிடத் தூண்டியதில் காட்டிய அக்கறையை மெச்சி, அவருக்கு நூறு லீவ்ர் வெகுமதி. மற்றத் தலைவர்களும் இதைப் பார்த்து ஊக்கம் பெறும்படி எல்லாக் கோயில்களிலும் வாசிக்கப்பட வேண்டும். அவருடைய கோயிலில் அவரே வாசிக்க வேண்டும்.

"என்னால இத வாய் தெறந்து சொல்ல முடியாது, மாத்யுரீன். பதவிய எடுத்துக்கட்டும்," என்றார் அவர். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக மூன்றாவது வாசிப்புக்குக் காத்திருக்காமல் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு மந்திரித்த ரொட்டி கொண்டுவருவது பெரினுடைய முறை. வருஷத்தில் ஒரு நாள் ஒவ்வொரு வீடும் கோயிலுக்கு நல்ல கோதுமை ரொட்டி சுட்டுக் கொண்டுவரும். சாமியார் மந்திரித்ததும் ஊரே துண்டு துண்டாகச் சாப்பிடும். எவ்வளவு இல்லாத வீடும் அன்றைக்கு வெள்ளை ரொட்டிதான் கொண்டுவரும், மானப் பிரச்சினை. பெரின் கொண்டுவந்தது ஓட்ஸ் ரொட்டி. கறுப்பாக, உமியோடு, குதிரைக்கு வைப்பதுபோல. துணி போட்டு மூடாமல் நிமிர்ந்து எடுத்து வந்தாள். வழக்கப்படி முதல் துண்டு தலைவருக்கு. அவர் வாயில் போட்டுக்கொண்டார். அது தொண்டையில் இறங்காமல் அவர் படுகிற பாட்டை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் அவர் கல்லில் ஏறவில்லை. கூட்டத்தோடு கீழே நின்றார். நான் ஏறினேன். எங்கள் ஊரில் பொம்பளை அந்தக் கல்லில் ஏறியதில்லை. சாமியார் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மூன்று காகிதத்தையும் வரிசையாக வாசித்தேன். அறுபது லீவ்ர் காகிதம், இருபத்தைந்து லீவ்ர் காகிதம், நூறு லீவ்ர் காகிதம். கடைசியைக் கேட்டதும் பின்னால் நின்ற ஒருவன் பனியில் துப்பினான்.

"ரெண்டாவது காயிதம் அவர் கைக்கே போகல," என்றேன். "வியாழக்கெழம நான்தான் பிரிச்சேன், நான்தான் ஒளிச்சு வெச்சேன். வாசிக்காட்டி செல்லாது, உங்களுக்கு அறுபதே கெடைக்கும்னு நெனச்சேன். அவரத் திட்டாதீங்க. என்னத் திட்டுங்க."

ஒருவரும் திட்டவில்லை. சில ஆண்கள் பார்த்தெலெமியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் அவர் தோளைத் தொட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஊர் அவரைத் திருப்பி எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன், அது நடந்தும் விட்டது. ஆனால் பெரின் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, வெள்ளிக்கெழம ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் படகுக்காரர்கிட்டக் குடுத்திருப்பேன். நாப்பதுக்கு. மொத்தமா ஏத்திக்கிறேன்னுதான சொன்னாரு? கழிச்சுக்கூடப் போட்டிருக்க மாட்டாரு."

நான் அந்த ஆளை மறந்தே போயிருந்தேன். சத்தியமாக, அந்த வியாழக்கிழமை அவர் நினைவே எனக்கு வரவில்லை. ராசாவை அவர் சட்டத்தாலேயே மடக்குவது எப்படி என்று பார்த்தேனே தவிர, ராசா இல்லாமலே விற்கலாம் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

"அவங்கதான் எங்களக் கேக்காம எங்களுக்கு முடிவு பண்றாங்க. நீங்களுமா?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

நூறு லீவ்ரையும் வாங்கி அப்படியே கோதுமையாக்கி, பனிச்சறுக்கு வண்டியில் முதல் பங்கைப் பெரின் வீட்டில் இறக்கினோம். பிள்ளைகளுக்காக வாங்கிக்கொள்கிறேன், உங்களுக்காக இல்லை என்று சொல்லித்தான் வாங்கினாள். மீதி மற்ற வீடுகளுக்குப் போனது. வாசித்தாயிற்று என்ற சீட்டில் நான் என் பெயரைப் போட்டே கியூபெக்குக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. அங்கே யார் அதைப் படிக்கிறார்கள்?

இந்த மார்ச்சில் புதிதாக ஒன்று வந்தது. புகையிலை பயிரிட விதை இலவசம், நல்ல விலை. பார்த்தெலெமி கல்லில் ஏறி ஒரு சொல் பிசகாமல் சொன்னார். முடித்ததும் உடனே இறங்கிவிட்டார், சொந்தமாக ஒன்றும் சேர்க்கவில்லை. யாரும் விதை கேட்கவில்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் பெரின் அவரைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா, அண்ணி? மாவுப் பெட்டில வேற எதுவும் இல்லையே?"

"இல்ல பெரின்," என்றேன்.

ராசா வீட்டு ஆட்கள் விலையைக் குறைத்தார்கள், பாதிச் சணலைத் தள்ளினார்கள், அதற்கு வெகுமதியும் கொடுத்தார்கள். அவர்களை யாரும் போய் ஒரு கேள்வி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. நான் ஒரே ஒரு காகிதத்தை ஒளித்தேன். அன்றிலிருந்து அறிவிப்பு வாசிக்கிற ஒவ்வொரு ஞாயிறும் என்னை அவள் கேட்கிறாள், ஊர் முழுக்க நின்று என் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறது.