ஒரு வாய்க்கு ஒரு பறி

அம்மாவிடம் முக்கியமான எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் ஏரியில் இறங்கும்வரை காத்திருப்பேன். பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மண்டியிட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவளால் குறுக்கே பேச முடியாது. வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதுவரை பிடித்த இறாலும் போய்விடும்.

அன்றைக்கும் கணுக்கால் தண்ணீரில் அவளை ஒட்டியே நடந்தேன். எனக்கு நான்காம் மாதம். தம்பி ஹரிஷ் முன்னால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே போனான். இருபது வயது. இறால் ஓடிவிடும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு ஏறாது. அம்மா அவனைத் திட்டியதே இல்லை. அவன் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று ஏரியில் இறங்கியதால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தான் என்பது அவள் முடிவு. எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்தில் யார் கேட்டாலும் அதைத் தானே சொல்லிவிடுவாள்.

என் வீட்டுக்காரர் விஜய்க்கு அது வசதியாகப் போய்விட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் அம்மா, ஹரிஷ், நான் என மூன்று பேர் ரத்தத்தையும் பார்த்த டாக்டர் அனிதா, கருவில் இருக்கும் குழந்தைக்கும் பார்த்துவிடலாம், திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றிருந்தார். "ஒங்கம்மாவே கெரகணம்னு சொல்லுது, அப்புறம் இன்னாத்துக்கு வயித்துல ஊசி?" என்கிறார் இவர். நான் சொன்னால் ஏற மாட்டேன் என்கிறது. அம்மா சொன்னால் கேட்பார். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

"அது கெரகணம் இல்லம்மா."

அம்மா திரும்பவில்லை.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொன்னேன். "பொம்பள ஒடம்புல ஒவ்வொரு துளிக்கும் ரெண்டு பறி இருக்குதுன்னு வெச்சுக்கோ. ஒண்ணு நைனா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ஒரு வாயில ஒண்ணத்தான கடிக்க முடியும்? ஒண்ண எடுத்துக்கினு இன்னொண்ண மாட்டி வெச்சிடும். ஒங்கிட்ட இருக்கிறதுல ஒண்ணு ஓட்டப் பறி. எனக்கும் அதே ஓட்டையத்தான் குடுத்துக்கிற. ஆம்பளைக்கு அந்த எடத்துல இருக்கிறதே ஒண்ணுதான், அதுவும் அம்மா குடுக்கிறது. ஹரிஷுக்கு ஓட்டப் பறி வந்துட்ச்சி."

அம்மா நகர்ந்துகொண்டே இருந்தாள். சேற்றைத் தடவும் கை மட்டும் மெதுவானது.

என் உடம்பு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் நல்லதையே எடுத்துக்கொண்டிருக்கிறதாம். அம்மாவுக்குப் பாதிக்குப் பாதி. அதுவும் ரத்தத்தில் பார்த்த அளவுக்குத்தான், மூளையிலும் அப்படியே இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சில்லறை கொடுத்து வாங்க வராது, எந்த பஸ் பொன்னேரிக்குப் போகிறது என்று பிடிபடாது. சாகும்வரை நைனா அவளை 'மண்டு' என்றுதான் கூப்பிட்டார். நான் பன்னிரண்டாவது பாஸானபோது 'இது என் மூளை' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மாவுக்கும் எனக்கும் இருப்பது ஒரே ஓட்டை. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அழுதேன். நைனா உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"நீ மண்டு இல்லம்மா. நீ தண்ணில எறங்குனதாலயும் இல்ல. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. இத எங்க வூட்டுக்காரருகிட்ட நீயே சொல்லு."

இத்தனை வருடம் சுமந்ததை இறக்கி வைக்கிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அம்மா நின்றாள். பறியை வாயிலிருந்து எடுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்போ ஒன் வயித்துல கீறதுக்கு?"

"பையன்னா பாதிக்குப் பாதி. பொண்ணுக்கும் வரலாம், வந்தா எப்பிடி இருக்கும்னு இப்பவே சொல்ல முடியாதாம். அதுக்குத்தான் பாக்கணும்ங்கறாங்க."

அம்மா என் வயிற்றையே பார்த்தாள். தூரத்தில் ஹரிஷ் தண்ணீரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கெரகணம்தான்," என்றாள். "போவாதடினு எல்லாரும் கத்துனாங்க. நான்தான் கேக்கல. அது என்னோட போச்சி."

"அம்மா..."

"நீ எறங்குனியா கெரகணத்துல? இல்லல்ல? அப்புறம் ஒனக்கு எங்கேர்ந்து வரும்?"

நான் பதில் சொல்வதற்குள் கயிற்றை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டாள். சேறு வழிந்த கையால் என் முழங்காலைப் பிடித்துக் கரைப் பக்கம் தள்ளினாள். ஓர் அடி நகர்ந்து நின்றேன். மண்டியிட்டபடியே வந்து மறுபடி தள்ளினாள். என் இரண்டு காலும் காய்ந்த மணலில் ஏறும்வரை, உச்சி வெயிலில், பறியைக் கடித்தபடி தள்ளிக்கொண்டே இருந்தாள்.